ஏணி வேண்டாத மரம்

ஒரு மரத்துக்குத்தான் இடம்.
மஞ்சள் எரிவாயுக் குழாய்க்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே
ஓதார் எட்டு வைத்து அளந்தான்.
போகும்போது பன்னிரண்டு,
திரும்பும்போது பதினொன்று.

போன வருடம்வரை அங்கே ஆப்ரிகாட் நின்றது,
வீட்டை எங்களுக்கு விற்றுப் போனவர்கள் வைத்தது.
மார்ச் வெயிலை நம்பிப் பூக்கும்.
ஏப்ரல் பனி வந்து கருக்கும்.
மூன்று வருடம் இப்படியே ஏமாந்தது.
நாலாம் வருடம் பூக்கவே இல்லை.
வெட்டினோம்.
அடுப்பில் நன்றாகவே எரிந்தது.

தெலாவிச் சந்தையில் பாத்ரி
கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கிடத்தியிருக்கிறான்,
பிரசவ ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் மாதிரி
காலில் ஆளுக்கொரு சீட்டு.
எதைத் தொட்டாலும் "தேன்" என்கிறான்.
சோதிக்க, எலுமிச்சையைத் தொட்டேன்.
அதுவும் தேன்தான்.

ஓதாருக்கு வால்நட்.
"அதன் நிழலில் புல்கூட முளைக்காது."
"புல் யாருக்கு வேண்டும்?"
"எனக்கு வேண்டும். கொத்தமல்லி எங்கே போகும்?
காய்க்கவே பத்து வருடம்."
"இருப்போம்" என்றான்,
பேருந்துக்கு நிற்பவன் சொல்வதுபோல.

எனக்கோ அத்தி பூத்தாற்போல் ஓர் ஆசை,
அத்தியே வேண்டும் என்று.
சுவரைத் தட்டிக் காட்டினான்.
ஏற்கெனவே ஒரு விரிசல்,
வேர் விசாரிக்க வருமுன்பே.

மாதுளைக்குக் குளிர்காலம் முழுக்கக் கம்பளி சுற்ற வேண்டும்.
இந்த வீட்டில் நாலு முழங்கால்களுக்கே கம்பளி போதவில்லை.
செர்ரி பழுக்கும் நாள் நமக்கு முன் மைனாவுக்குத் தெரியும்.
பெர்சிமன்?
நவம்பரில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப்
பழத்தை மட்டும் தொங்கவிட்டு நிற்கும்,
கரண்ட் போன தெருவில் எரியும் பல்புகளாய்.
"வெட்கங்கெட்ட மரம்" என்றான் ஓதார்.
அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

குதாயிசியிலிருந்து மகள் கெதேவான்
போனில் சிரித்தாள்:
"எதையாவது வையுங்கள்.
ஏணி வேண்டாத மரமாகப் பார்த்து வையுங்கள்."
தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.
இருந்தும் அன்று இரவு
கொட்டகை விளக்கைப் போட்டுக்கொண்டு
ஏணியின் ஆடும் படிக்கு ஆணி அடித்தான் ஓதார்.
நான் ஆணிகளை எடுத்துக் கொடுத்தேன்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் பெர்சிமன் வாங்கினோம்.
பாத்ரியைத் தவிர யாரும் ஜெயிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழி.
பழைய அடிக்கட்டையைப் பெயர்க்கப் போனபோது,
விறகுச் சிராய்க் குவியலுக்கு அடியில்
கட்டைவிரல் தடிமனில் மூன்று தளிர்க்குச்சிகள்.
செம்பழுப்பு. முள்.
ஆப்ரிகாட்டுக்கு ஏது முள்?

ஓதார் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு
ஒரு நுனியைக் கிள்ளி மென்றான்.
துப்பினான்.
மறுபடி கிள்ளினான்.
"த்கெமாலி" என்றான்.

மலைச்சரிவில் யாரும் நடாமல் நிற்கும் புளிப்பு பிளம்.
அதன் வேரில்தான் யாரோ
ஆப்ரிகாட்டை ஒட்டுக்கட்டி ஏற்றியிருக்கிறார்கள்.
தலையில் உட்கார்ந்திருந்தவள்
ஒவ்வொரு மார்ச்சிலும் ஏமாந்து அழ,
கீழே ஒருத்தி பேசாமல்
தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை எந்தச் சந்தையிலும் யாரும் தேன் என்று சொல்ல மாட்டார்கள்.
மே மாதம் பச்சையாகவே பறித்து
உப்பில் தொட்டுக் கடித்தால் ஒரு கண் தானாக மூடும்.
மிச்சத்தைப் பூண்டும் கொத்தமல்லியும் போட்டுக் காய்ச்சினால்
வருடம் முழுக்கக் கறிக்குத் துணை.
புல்லை விடும். சுவரைத் தொடாது.
ஏணி பற்றி எனக்குத் தெரியவில்லை,
கேட்கவும் இல்லை.

பெர்சிமன் வேலிக்கு அப்பால் போய்விட்டது,
நுக்ஸாருக்கு.
காசு வேண்டாம் என்றோம்.
வேலியோரமாக வை என்று மட்டும் சொன்னோம்.

மூன்று குச்சியில் ஒன்றை விட்டு
இரண்டை அறுக்க வேண்டும்.
"இடப்பக்கத்துக் குச்சி நேராக இருக்கிறது" என்கிறான்.
"நடுவிலிருப்பதற்குத்தான் வேர் கெட்டி" என்கிறேன்.
கத்தி குழிமேட்டில் கிடக்கிறது.
உள்ளே போய்த் தேநீருக்கு வைத்தேன்,
இது இன்று முடியாது.